நேவிடைமர் பி01 (43 மி.மீ): மணிக்கட்டில் ஒரு கணக்குப் பலகை

2022-இல் சுவிஸ் கடிகார நிறுவனமான பிரைட்லிங் புதுப்பித்த இந்த நேவிடைமரை அழகுக்காக மட்டும் வாங்கினால் பாதிக் கடிகாரம் வீண். டயலைச் சுற்றியுள்ள இரண்டு எண் வளையங்களும் சேர்ந்து ஒரு வட்ட ஸ்லைடு ரூல், அதாவது சுழற்றியே பெருக்கவும் வகுக்கவும் உதவும் விமானிகளின் அளவுகோல். 1952-இல் பிறந்த நேவிடைமரின் உயிரே அதுதான்.

உள்வளையம் அசையாது, நேரத்தை அதில் படிக்க வேண்டும். பெசலோடு (கண்ணாடியைச் சுற்றிய விளிம்பு) சுழலும் வெளிவளையத்தில் வேகம், தூரம், எரிபொருள். வேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்றால், வெளியே உள்ள 12-ஐ உள்ளே உள்ள 60-க்கு நேரே நிறுத்துங்கள். உள்ளே 25-க்கு எதிரே 50 இருக்கும்: 25 நிமிடத்தில் 50 கடல் மைல். வளையத்தைத் தொடாமலே 35-க்கு எதிரே 70 படிக்கலாம். எஞ்சின் மணிக்கு 36 லிட்டர் குடிக்கிறதா? 36-ஐ 60-க்கு நேரே வையுங்கள். 90 நிமிடத்துக்கு 54 லிட்டர்.

பிழை பெரும்பாலும் தசமப் புள்ளியில்தான் வரும். அந்த 12 என்பது 1.2, 12, 120 எதுவாகவும் இருக்கலாம். விடை எந்த அளவில் வரும் என்று முதலில் மனக்கணக்காகப் பார்த்துவிடுங்கள். எண்கள் சம இடைவெளியில் இல்லாமல் போகப் போக நெருங்கும் மடக்கை (logarithm) அளவுகோல் என்பதால் 10 முதல் 20 வரை வட்டத்தில் 30 சதவீதம் விரிந்திருக்கும்; 90 முதல் 100 வரை 5 சதவீதம்கூட இல்லை. அந்த நெருக்கத்தில் கண்ணை நேர் மேலே வைத்துப் படிக்காவிட்டால் ஒரு கோடு தவறும். இருட்டில் முட்கள் ஒளிரும், எண் வளையங்கள் ஒளிராது. இரவில் ஸ்லைடு ரூலை நம்ப வேண்டாம்.

உள்ளே ஓடும் பி01 இயந்திரத்தில் குறை சொல்ல இடமில்லை. முழுச் சாவிக்குச் சுமார் 70 மணி நேரம் ஓடும். இணைப்புப் பகுதி மேலிருந்து கீழாக அழுந்தி இணையும் செங்குத்து கிளட்ச் இருப்பதால், குரோனோகிராஃபை (நிறுத்துக் கடிகாரத்தை) அழுத்தும்போது அதன் விநாடி முள் துள்ளாது. தேதி இப்போது 6 மணி இடத்துச் சிறு டயலுக்குள் போயிருக்கிறது. முன்பு 4-க்கும் 5-க்கும் இடையில் செருகி வைத்ததைவிட இது எவ்வளவோ மேல்.

தண்ணீர்தான் பலவீனம். தாங்குதிறன் 3 பார், அதாவது கை கழுவலாம், நீந்தக் கூடாது. 1962 மே 24 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர் விண்வெளிக்கு அணிந்துசென்ற, 24 மணி நேர டயல் கொண்ட நேவிடைமரும் கடலில் இறங்கியபின் உப்புநீர் புகுந்துதான் கெட்டது.