சென்னைட்டா, ஃபோர்ட்நைட்டா?

ஒரு வாரத்துக்கும் இரண்டு வாரத்துக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் இவை. இரண்டுமே இரவுக் கணக்கு. ஜெர்மானிய இனத்தார் பகலை அல்ல, இரவைத்தான் எண்ணுவார்கள் என்று ரோமானியரான டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கிலேயே எழுதியிருக்கிறார். ஆங்கிலமும் ஜெர்மானிய மொழிக் குடும்பம்தான்; அந்த வழக்கத்தின் மிச்சம் இவை. சென்னைட் என்றால் ஏழு இரவு (நம்ம சென்னைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), ஃபோர்ட்நைட் பதினான்கு.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 1813 நாவலான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸில், எந்தச் சனிக்கிழமை வரை விருந்தாளியாகத் தங்குவேன் என்பதை மிஸ்டர் காலின்ஸ் என்ற பாத்திரம் சென்னைட் போட்டுத்தான் கடிதத்தில் எழுதுகிறது. ஆனால் 'வீக்' என்ற குட்டிச் சொல் பக்கத்திலேயே இருந்ததால் சென்னைட் வழக்கொழிந்துவிட்டது. ஃபோர்ட்நைட்டுக்கு அப்படி ஒற்றைச் சொல் போட்டி அமையவில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்றும் சாதாரணப் பேச்சில் உண்டு. அமெரிக்கரிடம் சொன்னால் வீடியோ கேம் என்று நினைத்துக்கொள்வார். அங்கே 'டூ வீக்ஸ்'தான்.