மஞ்சள் டயல் சீக்கோவும் நேரு வீதி வாட்ச் கடையும்

போன மாதம் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒரு சீக்கோ 6139 வாட்ச் கண்ணில் பட்டது. மஞ்சள் டயல், நீலமும் சிவப்புமாய் வளையம். 1973இல் நாசாவின் ஸ்கைலேப் 4 விண்வெளிப் பயணத்தில் விண்வெளி வீரர் வில்லியம் போக் கட்டிப் போன அதே ரகம். பேரம் பேசி 6,500 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். "தாத்தா காலத்து ஒரிஜினல் சார்" என்றார் விற்றவர்.

மறுநாள் நேரு வீதிப் பக்கம் இருக்கும் ஒரு பழைய ரிப்பேர் கடைக்குப் போனேன். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம். பெரியவர், "விட்டுட்டுப் போகாதீங்க தம்பி, உட்கார்ந்து பாருங்க" என்று என் கண் முன்னாலேயே திறந்தார். எனக்குப் பிடித்ததே அதுதான்.

பின்மூடியில் வரிசை எண் 38 என்று தொடங்கியது. முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். இந்த மாடல் 1969இல்தான் வந்தது என்பதால் 1973 ஆகஸ்ட். இயந்திரத்திலும் 6139 முத்திரை சுத்தமாக இருந்தது. அப்புறம் லென்ஸை என்னிடம் நீட்டினார். டயலில் எழுத்துகள் தடித்து, நிமிடக் கோடுகள் வளையத்தோடு ஒட்டாமல் நின்றன. பிற்பாடு யாரோ மறுபெயின்ட் அடித்த டயல்! நல்ல டயல் கிடைக்கும்வரை இதையே வைத்திருக்கச் சொன்னார். கேஸை, அதாவது வெளிக்கூட்டை, மட்டும் பாலிஷ் போடவே கூடாதாம், விளிம்பு மழுங்கினால் மதிப்பு போச்சு.

சர்வீஸ் 1,800 ரூபாய். ஒரு வாரம் என்றது மூன்று வாரமானது, ஜிபே கிடையாது. ஆனால் ரீசெட் பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் முள் இப்போது சரியாக 12இல் வந்து நிற்கிறது.