ஹெச்.ஆர். டிவிஷன் சந்தாவில் என்ன கிடைக்கிறது?

மனிதவளத்தில் பிஎச்.டி. செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட்டில் சேரலாமா? டாலரில் சந்தா கட்டுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தவன். பாடம் நடத்த வந்த பிறகும் அதன் மனிதவளப் பிரிவான ஹெச்.ஆர். டிவிஷனை விடவில்லை.

இது 1936-இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம். ஆய்வாளர்களும் பேராசிரியர்களும்தான் பெரும்பான்மை. ஆளெடுப்பு, சம்பளம், பி.எஃப். என்று ஓடிக்கொண்டிருக்கிற ஹெச்.ஆர். மேனேஜர் இங்கே வந்தால் கொட்டாவிதான் விடுவார். உள்ளே இருபதுக்கு மேற்பட்ட பிரிவுகள் உண்டு. ஒரே சந்தாவில் இரண்டில் சேரலாம். மூன்றாவதற்குத் தனியாகக் கொஞ்சம் கட்ட வேண்டும். மாணவர்களுக்குச் சந்தா குறைவு.

ஜர்னல்கள் சந்தாவோடு வந்துவிடும். 1958-இல் தொடங்கிய அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல், 1976-இல் தொடங்கிய அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ரிவ்யூ எல்லாம் பழைய இதழ்களோடு படிக்கலாம். உங்கள் கல்லூரி நூலகம் இவற்றை வாங்குகிறது என்றால் இதில் லாபம் ஒன்றும் இல்லை. வாங்கவில்லை என்றால் பாதிப் பணம் இங்கேயே தேறிவிடும்.

ஆனால் வருஷா வருஷம் நான் புதுப்பிப்பதற்குக் காரணம் ஜர்னல் இல்லை, ரிவ்யூ வேலை, அதாவது அடுத்தவர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதுவது. சங்கம் வருஷா வருஷம், வழக்கமாக ஆகஸ்டில், நடத்தும் மாநாட்டுக்குப் பேப்பர் அனுப்பும் கெடு ஜனவரியில் முடியும். வந்து குவிகிற பேப்பர்களை உறுப்பினர்களே பகிர்ந்து படிக்கிறார்கள். பேராசிரியர்தான் என்றில்லை, பிஎச்.டி. மாணவரும் பெயர் கொடுக்கலாம். ஆளுக்கு அதிகம் போனால் மூன்று பேப்பர், ஒவ்வொன்றும் 40 பக்கத்துக்குள். எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியாது, படித்தவர் யாரென்று அவருக்கும் தெரியாது. இந்த மறைவுதான் புதியவர்களுக்குத் துணிச்சல் தருகிறது. நமக்கு வந்த பேப்பர் யாரோ பெரிய ஆளுடையதாகக்கூட இருக்கலாம். ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று எழுதலாம்.

இதில் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குத் தந்ததில்லை. ஒரு உதாரணம். பயிற்சி, சம்பளம், மதிப்பீடு பற்றியெல்லாம் ஊழியரிடமே கேள்வித்தாள் கொடுத்து, அதே தாளில் 'நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறீர்கள்' என்றும் கேட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று முடிக்கிற ஆய்வுகள் உண்டு. பதில் சொல்பவரின் மனநிலையே அந்தத் தொடர்பை உண்டாக்கியிருக்கலாம். வேலைத்திறனை மேலதிகாரியிடம் கேட்க வேண்டும், அல்லது சில மாதம் கழித்தாவது கேட்க வேண்டும். நம் ஊர் ஆய்வேடுகளில் பாதி இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. அடுத்தவர் பேப்பரில் இதைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகு, என் மாணவர்கள் கேள்வித்தாளோடு வந்தால் முதல் கேள்வியே 'யாரிடம் கேட்கப் போகிறாய்?' என்பதுதான்.

ரிவ்யூவுக்குப் பெயர் கொடுக்கும்போது, உங்களுக்குத் தெரிந்த தலைப்புகளைக் காட்டும் குறிச்சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பொத்தாம் பொதுவாக எல்லாவற்றையும் குறித்தால் சம்பந்தமே இல்லாத பேப்பர் வரும். இன்னொன்று, இந்த வேலைக்கு உள்ளூரில் மதிப்பெண் எதிர்பார்க்காதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு கல்லூரியில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இதைக் காட்டியபோது, 'இதற்கு எந்தக் கட்டம்?' என்று கேட்டுவிட்டு அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

மாநாட்டுக்கு வருவோம். முதல் நாட்களில் பயிலரங்குகள், அப்புறம் பேப்பர் அமர்வுகள். பிஎச்.டி. முடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு டிவிஷன் நடத்தும் தனி முகாம் நல்ல விஷயம். வேலை தேடுவதிலிருந்து முதல் பேப்பர் வரை பேசுவார்கள். எல்லாம் சரி, போக வேண்டுமே! விமானம், ஹோட்டல், பதிவுக் கட்டணம், விசா என்று கூட்டினால் மயக்கம் வரும். ஆகஸ்ட் வேறு, இங்கே செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும். கோவிட் காரணமாக 2020-இல் வான்கூவர் மாநாடு இணையத்துக்கு மாறியது, 2021-உம் இணையத்திலேயே நடந்தது. தூரத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள்தான் பொற்காலம். நியூயார்க்கில் காலை பத்து என்றால் இங்கே இரவு ஏழரை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கேட்கலாம். பிறகு மாநாடு மறுபடி ஊர்களுக்குத் திரும்பிவிட்டது. 2025-இல் கோபன்ஹேகனில் நடந்தது. வட அமெரிக்காவுக்கு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு வெகுமுன்பே ஹெச்.ஆர். டிவிஷன் தன் சொந்த மாநாடுகளை 2016-இல் சிட்னியிலும் 2019-இல் டப்ளினிலும் நடத்தியது. பெரிய திருவிழாவைவிட இப்படிப்பட்ட சின்னக் கூட்டங்களில்தான் புதியவர்களுக்குப் பேச ஆள் கிடைக்கும் என்பது என் கட்சி. இது அடிக்கடி நடக்க வேண்டும்.

இதைச் சொல்லவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தன்னை மறுஆய்வு செய்துகொள்ள வேண்டும்; அதற்காக உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்பார்கள். நிறையப் பேர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நிர்வாகமும் தேர்தலில் வருகிறது. தேர்வானவர் பயிலரங்குப் பொறுப்பில் தொடங்கி, தலைவர் பதவி தாண்டி, முன்னாள் தலைவர் வரை ஐந்து ஆண்டு உழைக்க வேண்டும், சம்பளம் கிடையாது.

சேருவதாக இருந்தால் மாணவராக இருக்கும்போதே சேருங்கள், ஜனவரிக்கு முன் ரிவ்யூவுக்குப் பெயர் கொடுங்கள். அதைச் செய்ய நேரமில்லை, மாநாட்டுக்கும் போக முடியாது, நூலகத்தில் ஜர்னலும் இருக்கிறது என்றால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது. என் இரண்டாவது பிரிவை நான் அவ்வப்போது மாற்றிக்கொள்கிறேன். இந்த வருஷமும் ஹெச்.ஆர். அப்படியே இருக்கிறது.