ஏஸ் காம்பாட் 7: அஞ்சாவது ரவுண்டுலதான் கதையே காதுல விழுந்துச்சு

ஏஸ் காம்பாட் 7 ஒரு போர் விமானம் ஓட்டுற வீடியோ கேம். 2019 ஜனவரில பிஎஸ்4க்கு (பிளேஸ்டேஷன் 4) வந்தப்போ ஆரம்பிச்சது, இடம் பத்தலனு எத்தனையோ கேம தூக்கிட்டேன், இத மட்டும் அழிக்க மனசு வரல. கேம்பெய்ன், அதாவது கதைப் பகுதி, மொத்தம் 20 மிஷன், அத முழுசா அஞ்சு தடவ முடிச்சாச்சு. அஞ்சு தடவயா, பைத்தியமானு கேக்குறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கதைய அங்கங்க ஒடைச்சிருக்கேன், இன்னும் ஆடாதவங்க பாத்து படிங்க.

முதல் தடவ ஆடினப்போ கதை சத்தியமா புரியல. ஓசியா, எருசியானு ரெண்டு கற்பனை நாடு, நடுவுல விண்வெளிக்குப் போற ஒரு லிஃப்ட், அத வச்சு சண்டை, அவ்வளவுதான் மண்டைல ஏறுச்சு. காரணம் என்னன்னா இந்த கேம் பாதி கதைய ரேடியோலதான் சொல்லுது. நம்ம பின்னாடி ரெண்டு பேர் தொரத்திட்டு வர்றான், ஏவுகணை வருதுனு அலாரம் கத்துது, அதே நேரத்துல ரேடியோல யாரோ முக்கியமான விஷயம் பேசுறாங்க, சப்டைட்டில் படிக்கக் கண்ண எடுத்தா நேரா மலைல போய் மோதிட வேண்டியதுதான். மிஷனுக்கு நடுவுல வர்ற காட்சிகளும் ஹீரோவ காட்டாது, அவ்ரில்னு ஒரு பொண்ணு, தாத்தாவோட பழைய விமானத்த கஷ்டப்பட்டு சரி பண்ணி முதல் தடவ பறந்த அன்னிக்கே போருக்குள்ள மாட்டிக்கிட்டு ஜெயிலுக்குப் போன மெக்கானிக், அவங்க பாட்டுக்கு அவங்க கதைய சொல்லிட்டு இருப்பாங்க. இவங்களுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்னு முதல் ரவுண்டு பூரா முழிச்சேன்.

நாம ஆடுற ஆள் பேரு ட்ரிக்கர். வாயே தொறக்க மாட்டான், மூஞ்சியும் தெரியாது. நாலாவது மிஷன்ல ஓசியாவோட முன்னாள் அதிபர காப்பாத்தப் போற இடத்துல அவரே செத்துப் போறாரு, பழி நம்ம மேல விழுது, தூக்கி கைதிங்க படையில போடுறாங்க. அந்தப் படை இருக்குற 444ன்ற விமான தளமே ஒரு டம்மி, பொய் விமானத்த நிறுத்தி வச்சு எதிரி குண்டெல்லாம் அங்க விழட்டும்னு கட்டினது. நம்ம வால்ல குற்றத்துக்கு அடையாளமா மூணு கோடு போட்டு விடுவாங்க. பாண்டாக்னு ரேடியோல நமக்கு உத்தரவு போடுற ஒரு கன்ட்ரோலர், வாயத் தொறந்தாலே தனிச்சிறைனு மிரட்டல்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த மூணு கோடுதான் மொத்த கதையும். ஆரம்பத்துல கூட இருக்குறவனே அத வச்சு நக்கல் பண்ணுவான். போகப் போக எதிரி ரேடியோல அந்தக் கோட்டப் பத்தின பேச்சு கேக்க ஆரம்பிக்கும், "மூணு கோடு வந்துட்டான்"ன்ற மாதிரி ஒரு பதட்டம் குரல்லயே தெரியும். இத யாரும் உக்காத்தி வச்சு வெளக்க மாட்டாங்க, நாம அவன சுட்டுக்கிட்டே இருக்கும்போது அவன் பேசுறது நம்ம காதுல விழணும். மூணாவது, நாலாவது ரவுண்டுல எதிரி எங்க இருந்து வருவான்னு கைக்கே தெரிஞ்சு போச்சு, கண்ணும் மூளையும் கொஞ்சம் ஃப்ரீ ஆச்சு, அப்பதான் இதெல்லாம் கேக்க ஆரம்பிச்சுது, முழுசா காதுல விழுந்தது அஞ்சாவதுலதான். கவுண்ட்னு ஒருத்தன் ஆரம்பத்துல வெறும் பீலாதான், சுடாதத சுட்டேன்னு கணக்கு எழுதுவான், கடைசி மிஷன்ல அதே ஆள் நம்மகூட சுரங்கத்துக்குள்ள பறந்து வர்றான், முதல் தடவ அது எனக்கு வெறும் கஷ்டமான லெவல், அஞ்சாவது தடவ தொண்டை அடைச்சுது.

ஓட்டுற விஷயம். இது சிமுலேட்டர் கிடையாது, அத எதிர்பாத்து வராதீங்க. நிஜ எஃப்-16ல வானச் சண்டைக்கு ஆறு ஏவுகணை மாட்டினாலே நெறைய, இங்க அம்பதுக்கு மேல தூக்கிட்டு சுத்தலாம். ஆனா செட்டிங்ஸ்ல கன்ட்ரோல எக்ஸ்பர்ட்டுக்கு மாத்திடுங்க, ஸ்டாண்டர்ட்ல கார் ஓட்டுற மாதிரி இடது வலதுனு திரும்பும், எக்ஸ்பர்ட்லதான் விமானத்த சாய்ச்சு மூக்க இழுத்து திருப்பணும். ஒரு மணி நேரம் தலைகீழா பறந்து திட்டுவீங்க, அப்புறம் திரும்பிப் போகவே மாட்டீங்க.

இதுல மேகம் வெறும் படம் இல்ல. உள்ள போனா கண்ணாடில தண்ணி வழியும், ரொம்ப நேரம் இருந்தா ஐஸ் பிடிச்சு விமானம் மக்கர் பண்ணும், ஏவுகணை குறி தப்பும், இடி விழுந்தா திரைல இருக்குற எழுத்தெல்லாம் கொஞ்ச நேரம் செத்துடும். ஏழாவது மிஷன்ல தூண் தூணா நிக்குற பாறை, அதுக்கு நடுவுல கனத்த மேகம், மின்னல், அந்த நேரம் பாத்து ஒரு ஆரஞ்சு கலர் வால் போட்ட சுகோய் விமானத்துல எதிரி பைலட் ஒருத்தர் வந்து நம்மள வச்சு செய்வாரு. முதல் தடவ மேகத்துக்கு பயந்து வெளியவே சுத்தி அடி வாங்கினேன், இப்ப அதே மேகத்துலதான் ஒளிஞ்சு அவரோட ஏவுகணைய தட்டி விடுறேன்.

கடுப்பு இல்லாம இல்ல. எட்டாவது மிஷன்ல மணல் புயலுக்குள்ள டேங்கர் லாரிய தேடுறது இருக்கே, நேரம் ஓடிட்டே இருக்கும், கண்ணு ஒண்ணும் தெரியாது, ஏவுகணைக்கு குறியும் (லாக்) விழாது. இத்தன பாயின்ட் இத்தன நிமிஷத்துலனு வர்ற மிஷன்ல ஏ-10 மாதிரி தரைய அடிக்கிற விமானத்த எடுத்துட்டுப் போகலைனா பாதில தலைய சொறியணும். பதினாறாவதுல எல்லாமே "அடையாளம் தெரியல"னு காட்டும், கிட்டப் போய் பாத்துதான் எதிரியா நம்ம ஆளானு சொல்லணும், யோசனை சூப்பர், நாலாவது தடவ ஆடும்போது மட்டும் கொட்டாவி வருது. ஆன்லைன் சண்டை எட்டு பேர் வரைக்கும், நான் ஒரு மாசத்துக்கு மேல தாக்குப் பிடிக்கல.

நடுவுல ஒரு கூத்து. மூணாவது வருஷம் விமானம் தானா வலது பக்கம் சாய ஆரம்பிச்சுது. இந்த கேம்ல காத்தும் தள்ளும்ல, சரி காத்துதான்னு ரெண்டு வாரம் இடது பக்கம் அழுத்தியே ஓட்டினேன். கடைசில பாத்தா மெனுலயும் கர்சர் தானா நகருது, கையில பிடிச்சு ஆடுற கன்ட்ரோலரோட ஸ்டிக் தேய்ஞ்சு போயிருக்கு.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் ரவுண்ட நார்மல்ல முடிச்சிடுங்க, புரியலனு நிறுத்தாதீங்க. ரெண்டாவது ரவுண்டுக்கு எஃப்-22 வாங்கி எல்லாரையும் நசுக்கலாம், ஜாலிதான், ஆனா மிஷன் சீக்கிரம் முடிஞ்சு பாதி பேச்சு பேசி முடிக்காமலே போயிடும். நான் இப்ப ஆரம்பத்துல குடுக்குற அதே எஃப்-16அ வச்சு ஆறாவது ரவுண்டு போயிட்டிருக்கேன். நேத்து லாங் காஸ்டர், நமக்கு வழி சொல்ற கன்ட்ரோலர், எப்பப் பாத்தாலும் சாப்பாட்டு நெனப்பாவே இருப்பாரு, அவரு இடைல ஏதோ மென்னுக்கிட்டே பேசுறத கவனிச்சு சிரிச்சுட்டு இருந்தப்போ பாலத்துல மோதிட்டேன்.