பொலிகிடாவின் விதைப்பை வீக்கம்: ஓர் அரசு கால்நடை மருந்தகத்தின் சிகிச்சை குறித்து

வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இயங்கும் அரசு கால்நடை மருந்தகத்தை நான் பாராட்டுவதற்கு முதற்காரணம், அங்குள்ள மருத்துவர் ஊசி போடுவதற்கு முன்னரே ரத்த மாதிரி எடுத்ததாகும். விதைப்பை வீங்கிய எங்கள் பொலிகிடா (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் வெள்ளாட்டுக் கிடா) பொய்கைச் சந்தையில் வாங்கியது; அதன் பூர்வீகம் எங்களுக்குத் தெரியாது. விதை (விரை) வீக்கம் முட்டுப்பட்டோ முள் குத்தியோ வரலாம். புருசெல்லா கிருமியாலும் வரலாம். அந்தக் கிருமியாக இருந்தால் பெட்டை ஆடுகள் கரு கலைக்கும், மனிதருக்கும் தொற்றும் என்பதால், கிடாவைக் குணப்படுத்தி வைத்திருப்பதைவிட மந்தையிலிருந்து நீக்குவதே முறை. இந்தக் கிருமித் தொற்றைக் கண்டறியும் ரோஸ் பெங்கால் சோதனையில், ஒரு துளி ரத்தச் சீரத்தையும் இளஞ்சிவப்புக் கலவையையும் சேர்த்து அசைத்தால், நோய் எதிர்ப்பொருள் இருக்கும்பட்சத்தில் 4 நிமிடங்களுக்குள் திரிதிரியாகத் திரளும். எங்கள் கிடாவுக்குத் திரளவில்லை. ஆயினும் சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

மருந்தில்லாத சிகிச்சைக்கு அவர் கொடுத்த முக்கியத்துவம் எனக்குப் பெரிதும் பிடித்தது. விதைப்பை உடல் வெப்பத்தைவிட 4 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். ஒரு விதையின் அழற்சிச் சூடு பக்கத்திலுள்ள நல்ல விதையையும் கெடுத்துவிடும். ஆகவே குளிர்ந்த நீரை 15 முதல் 20 நிமிடம் வரை, ஒரு நாளில் பலமுறை ஊற்றச் சொன்னார். சித்திரை வெயிலில் மேல்தொட்டித் தண்ணீர் கொதிக்கும் என்பதால், கிணற்று நீரை மண்பானையில் வைத்துப் பயன்படுத்தினோம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. நீர் ஊற்றியபின் துடைத்து உலர்த்தாவிட்டால், காயம் இருக்குமிடத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் சூடான மணல் ஒத்தடத்துக்குத் தயாரானபோது, அது கூடவே கூடாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

நீர் சூட்டைத் தணிக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம், கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்தார். காய்ச்சல் இருந்ததால் மட்டுமே நீடித்துச் செயல்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைச் சேர்த்தார். டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி, அது செலுத்தப்பட்ட கால்நடைகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் மாண்டதால் 2006 முதல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் ஆகிய வலிநிவாரணிகளும் 2023இல் அந்தத் தடைக்குள் வந்தன. இன்னமும் இவற்றைக் கேட்டு வாங்குவோர் இதை அறிய வேண்டும். உள்ளே சீழ் கட்டிவிட்டால் ஊசியும் நீரும் பயன் தராது. கெட்ட விதையை மட்டும் அறுவை செய்து அகற்றினால், மற்றதைக் கொண்டு கிடா இனப்பெருக்கம் செய்ய வாய்ப்புண்டு. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. தொட்டாலே உதைத்த கிடா, பின்னங்கால்களை அகட்டி வைக்காமல் நடக்கத் தொடங்கியது, தீவனமும் எடுத்தது.

குறைகள் இரண்டு. மருந்து உடலில் இருக்கும் காலத்தில் கிடாவை இறைச்சிக்கு விற்கக் கூடாது என்பதை நாங்களே கேட்ட பிறகுதான் சொன்னார்கள். விந்துப் பரிசோதனைக்கும் அங்கே வசதியில்லை. வெள்ளாட்டில் விந்தணு முழுமையாக உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும் என்பதால், அதற்குப் பிறகு பரிசோதித்தால்தான் சிகிச்சையின் பலன் உறுதியாகத் தெரியும். அதுவரை கிடாவைப் பெட்டைகளோடு விடாமல் தனியே கட்டி வைத்திருக்கிறோம்.