கம்போடியாவில் தன்னார்வப் பணி முடித்துக் கிளம்புகிறீர்களா? கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு அழுங்கள்

31 வருஷம் சிவப்பு மையால் அடுத்தவர் தப்பைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான். சொந்தப் பாஸ்போர்ட்டில் இருந்த ஒரு தேதியைப் பார்க்காமல் விட்டதற்கு 270 டாலர் அபராதம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

சியெம் ரீப் நகரத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஒரு கிராமம். அங்கே பிள்ளைகளுக்கு மாலையில் இலவச ஆங்கில வகுப்பு நடத்தும் ஓர் அமைப்பு. பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். தங்கவும் சாப்பிடவும் வாரத்துக்கு 90 டாலர், டெபாசிட் 100 டாலர். “காசும் கொடுத்து வேலையும் பார்க்கணுமாக்கா?” என்று என் தம்பி அப்போதே கேட்டான். ஓய்வுபெற்ற கையோடு எனக்கு இருந்த உற்சாகத்தில் அது காதில் ஏறவில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ‘நெக் க்ரூ’ என்று கூப்பிடுவார்கள். நம் குருதான் அங்கே க்ரூ. சாக்பீஸ் முதற்கொண்டு நான்தான் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

போய் இறங்கியது 2024 ஜனவரி 3. அங்கே நீண்ட நாள் தங்குபவர்கள் வாங்குவது 35 டாலர் ‘ஈ’ விசா (ஆங்கில E எழுத்து வகை, இணையத்தில் வாங்கும் இ-விசா என்று நினைத்துவிடாதீர்கள்). அதை ஒரு வருஷம் வரைகூட நீட்டிக்கலாம். பொறுப்பாளரோ, “எதற்கு வீண் செலவு? 30 டாலர் சுற்றுலா விசாவே போதும்” என்று எழுதியிருந்தார். அது 30 நாள்தான். அதற்குமேல் ஒரே ஒரு தடவை, இன்னொரு மாதம் நீட்டிக்கலாம். என்னுடைய எட்டு வாரத்துக்குக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜனவரிக் கடைசியில், நீட்டிப்புக்கு என்று 50 டாலரும் பாஸ்போர்ட்டும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு தடவை கேட்டேன். “ஆகிவிட்டது டீச்சர், பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது” என்றார். பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மரியாதைக் குறைவாக நினைத்துவிடுவாரோ என்று கூச்சம்.

பிப்ரவரி 28, காலை ஏழு மணி. பஸ் ஏற்ற வந்த வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடுகிறார்கள். ஒருத்தி என் கழுத்தில் க்ரமா போட்டுவிடுகிறாள் (நம் ஊர்க் கட்டம்போட்ட துண்டு மாதிரி இருக்கும்). எனக்குக் கண்ணில் தண்ணீர். அந்த நேரம் பார்த்துத்தான் பொறுப்பாளர் ஒரு கவரை என் கையில் திணித்தார். வாயில் ஸ்டேப்ளர் அடித்திருந்தது. “பாஸ்போர்ட், டெபாசிட் எல்லாம் இருக்கிறது, சீக்கிரம், பஸ் போய்விடும்.” இப்போது யோசித்தால், இந்த ஏற்பாட்டை அவர் எத்தனை பேருக்குச் செய்திருப்பார் என்று தோன்றுகிறது.

தாய்லாந்துக்குள் போகும் போய்பெட் எல்லை அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். பாதி வழியில்தான் கவரைப் பிரித்தேன். உள்ளே ஒரே ஒரு நூறு டாலர் நோட்டு, ஓரத்தில் அரை அங்குலம் கிழிசல். கம்போடியாவில் டாலர் புழங்கும். ஆனால் கிழிந்த டாலரைக் காய்கறிக்காரிகூட வாங்க மாட்டாள். அந்தக் கோபத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்ட மறந்தேன் பாருங்கள், அங்கேதான் நான் முட்டாள்.

கவுண்டரில் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நீட்டிப்பு ஆகியிருந்தால் புதுத் தேதியோடு தனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எதுவும் இல்லை. என் விசா பிப்ரவரி 1 அன்றே முடிந்திருந்தது. கூடுதலாகத் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 10 டாலர். கால்குலேட்டரில் 270 என்று தட்டி என் பக்கம் திருப்பினார். கையில் நல்ல நோட்டாக 190தான் இருந்தது. கிழிந்த நூறை நீட்டினேன். ஒரு விரலால் திருப்பித் தள்ளினார். வெயிலில் ஏடிஎம் தேடி அலைந்து, எடுத்துக் கட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

தனியாக நிற்பதைப் பார்த்து ஒருத்தன் வந்தான். “இந்தியரா? தாய்லாந்து விசா 2000 பாத், நான் வாங்கித் தருகிறேன்.” 2023 நவம்பரில் தொடங்கிய சலுகையால் அப்போது நமக்கு அங்கே விசா தேவையில்லை என்று தெரிந்திருந்ததால் தப்பித்தேன். அந்த ஒரு விஷயத்தையாவது படித்துவிட்டுப் போயிருந்தேன். எல்லைப் பக்கத்திலிருந்து பாங்காக்குக்கு அப்போது 49 பாத்தில் ரயில் இருந்தது. மத்தியான வண்டியையும் விட்டுவிட்டு, கடைசியில் வேனில் போய்ச் சேர்ந்தேன்.

பொறுப்பாளர் ஏன் இப்படிச் செய்தார்? வெறும் 50 டாலருக்காக இருக்காது என்று நினைக்கிறேன். 2020 ஜூலையிலிருந்து, வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் அரசின் இணையப் பதிவில் அந்த வெளிநாட்டவர் பெயரை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் விசா நீட்டிப்பு கிடையாது. என்னைப் பதிவு செய்தால் அவர் வீட்டில் இத்தனை வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்துத் தங்குவது வெளியே வந்துவிடும். புகார் கொடுக்கலாம் என்றால், சுற்றுலா விசாவில் பாடம் நடத்தினேன் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். மலிவு விசா வாங்கச் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. போன் செய்தேன். “அப்படியா டீச்சர், ஏஜென்ட் ஏமாற்றிவிட்டானா?” என்று என்னைவிட அதிகமாக அதிர்ச்சி அடைந்தார்.

போகிறவர்கள் ‘ஈ’ விசாவே வாங்குங்கள். பாஸ்போர்ட் கையைவிட்டுப் போனால் எப்போது திரும்பும் என்று தேதி கேளுங்கள். வந்ததும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். டெபாசிட்டைப் பிரிவு உபசாரத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி, நோட்டை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்த நூறு டாலரைச் சென்னைக்கு வந்து பாரிமுனையில் நோட்டு மாற்றுகிறவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தவர், “எந்த ஊர்லம்மா இதை உங்க தலையில கட்டினாங்க?” என்றார்.