விட்ட காசை மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவரிடம் கவனம்

வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். உவர்மலையில் என்னைத் தெரிந்தவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

இணையப் பந்தயத் தளம் ஒன்றில் ஐபிஎல் கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டி இரண்டு மாதத்தில் 185,000 ரூபா விட்டேன். அது என் பிழை. ஆனால் ஒருநாள் 62,000 வென்றபோது அதை எடுக்க விடவில்லை. தளம் தரும் போனஸ் காசை எடுத்ததால் அந்தப் போனஸைப்போல் பத்து மடங்குக்கு விளையாடி முடிக்க வேண்டுமாம். நான் போனஸ் கேட்கவேயில்லை, தானாக ஏறியிருந்தது. சாட்டில் முறையிட்டால் 'அன்பான வாடிக்கையாளரே' என்று அதே நான்கு வரி. மூன்றாம் நாள் கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

பேஸ்புக்கில் புலம்பினேன். ஒரு மணி நேரத்தில் வாட்சப்பில் ஒருவர் வந்தார். நல்ல தமிழ், வாய்க்கு வாய் 'அண்ணா'. பிரித்தானியச் சூதாட்ட ஆணையத்தின் இலங்கை முகவராம். தோற்றதில் 80 வீதம் மீட்டுத் தருவாராம். கோப்புக் கட்டணம் 25,000 என்றார், கட்டினேன். பிறகு 'வரி' 18,000. காளி கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போய் அதையும் சிடிஎம்மில், அதாவது வங்கியின் காசு வைப்பு இயந்திரத்தில் போட்டேன். இரண்டு முறையும் வெவ்வேறு ஆட்களின் கணக்கு. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

மூன்றாவதாக 40,000 கேட்டபோதுதான் லண்டனில் இருக்கிற மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவன் திட்டித் தீர்த்துவிட்டுச் சொன்னான்: அந்த ஆணையம் தனி ஆளுக்குக் காசு வாங்கிக் கொடுப்பதில்லை. அங்கே முதலில் கம்பெனியிடம் முறைப்பாடு செய்ய வேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் சுயாதீனத் தகராறு தீர்க்கும் அமைப்புக்குப் போகலாம், அதற்கு வாடிக்கையாளர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. வெறுமனே தோற்றேன் என்றால் அங்கேயும் காசு திரும்பாது. 'என்னை விளையாட விடாதீர்கள்' என்று பதிந்த பிறகும் விட்டார்கள் என்பது மாதிரிக் காரணம் வேண்டும். அதுவும் அங்கே உரிமம் பெற்ற கம்பெனிக்குத்தான். ஆணையத்தின் பொதுப் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். மச்சான் தேடினான். நான் விளையாடிய தளத்தின் பெயரே இல்லை. தளத்தின் அடியில் போட்டிருந்த உரிம எண் வேறொரு கம்பெனியுடையது.

இன்னொன்று உறுத்துகிறது. பேஸ்புக் பதிவில் என் பந்தயக் கணக்கின் எண்ணை மறைத்துத்தான் படம் போட்டேன். வந்தவர் அதன் கடைசி நான்கு இலக்கத்தையும் சரியாகச் சொன்னார். பூட்டியவர்களும் மீட்க வந்தவரும் ஒரே கூட்டமோ என்னவோ.

வங்கியில் கேட்டேன். நானே விரும்பிப் போட்ட காசு, பெற்றவர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது என்றார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். கையில் இருந்தது இரண்டு சிடிஎம் சீட்டு மட்டும், ஏனென்றால் வாட்சப் செய்திகள் 24 மணி நேரத்தில் அழியும்படி அந்த ஆள் வைத்திருந்தார். நீங்கள் இப்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் இன்றைக்கே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைய மோசடி முறைப்பாடுகளைக் கேட்கும் இலங்கை சேர்ட் (CERT) அமைப்புக்கு 101இல் அழைத்தும் சொல்லலாம்.

நேற்று இரவு இன்னொரு இலக்கத்திலிருந்து செய்தி. சட்டத்தரணியாம். முதல் ஆள் ஏமாற்றியதையும் சேர்த்து மீட்டுத் தருவாராம். கட்டணம் 12,000தான்.